எட்டு ஓலைகளின் பாடபேதம்: ஃப்ளூ ஊசி ஏன் ஆண்டுதோறும்?

1947-ஆம் ஆண்டின் முதல் சில மாதங்களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களிடையே இன்ஃப்ளூயன்சா பரவியது. அவர்களில் ஆயிரக்கணக்கானோர் அதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். அந்த ஊசி உருவானதே அந்தப் பல்கலைக்கழகத்தில்தான். தாமஸ் பிரான்சிஸும், அவரிடம் பயிற்சிக்கு வந்து பின்னாளில் போலியோ தடுப்பூசியால் புகழ்பெற்ற ஜோனாஸ் சால்க்கும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராணுவத்துக்காக அதைச் செய்தார்கள். 1943-இல் நடந்த சோதனையில் அது நன்றாகவே காத்தது. 1945-இல் பொதுமக்களுக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் 1947-இல் ஊசி போட்டவர்களும் போடாதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் காய்ச்சலில் படுத்தார்கள்.

மருந்து கெட்டுப்போகவில்லை. யாரும் அதைத் தவறாகப் போடவுமில்லை. வைரஸ்தான் மாறிவிட்டிருந்தது. பழைய வைரஸை எதிர்க்கக் கற்றுக்கொண்ட உடலுக்குப் புதியதை அடையாளம் தெரியவில்லை.

எழுபத்து நான்கு வயதான, சர்க்கரை நோய்க்கு இருபது ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடும் என் அம்மா ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் கேட்கும் கேள்விக்கு விடை அந்த 1947-இல் இருக்கிறது. "போன வருடம்தானே போட்டேன், மறுபடியும் எதற்கு? மஞ்சள் காமாலைக்குப் போட்டது, அம்மைக்குப் போட்டதெல்லாம் ஒரு தடவையோடு முடிந்ததே?" நியாயமான கேள்வி. பலர் இதைக் கேட்டுவிட்டு, மருந்துக் கம்பெனிகளின் வியாபாரம் என்று தாங்களே பதிலும் சொல்லிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். வியாபாரம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆண்டுதோறும் என்ற விதியை எழுதியது கம்பெனி அல்ல, வைரஸ்.

முதலில் எந்தக் காய்ச்சலைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். நம் ஊரில் மூக்கு ஒழுகினாலும் ஃப்ளூ, இரண்டு நாள் உடம்பு சுட்டாலும் 'வைரல் ஃபீவர்'. சாதாரணச் சளியைத் தருபவை வேறு வைரஸ்கள். நூற்றுக்கும் மேற்பட்டவை உண்டு. சளி மெதுவாக வரும்: தொண்டை கரகரப்பு, மறுநாள் தும்மல், அதற்கு அடுத்த நாள் மூக்கடைப்பு. இன்ஃப்ளூயன்சா அப்படி வருவதில்லை. காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் ஆட்டோ பிடித்துத் திரும்பி வருவார். குளிரும் காய்ச்சலும் சேர்ந்து வரும். முதுகு, தொடை, கண்குழி எல்லாம் அடித்துப்போட்டதுபோல் வலிக்கும். இருமல் வறண்டிருக்கும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று நோயாளியால் சொல்ல முடிந்தால் ஃப்ளூவாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகிப்பதுண்டு. கிருமி உள்ளே போய் ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அவர் மற்றவருக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார் என்பதுதான் இதைக் கட்டுப்படுத்துவதை இவ்வளவு கடினமாக்குகிறது.

மனிதர்களைப் பெரிதும் தாக்குபவை ஏ, பி என்ற இரண்டு வகைகள். இதில் ஏ வகைதான் உலகையே புரட்டிப்போடும் ஆற்றல் உள்ளது. அதன் மேற்பரப்பில் இரண்டு புரதங்கள் முட்களைப்போல் நிற்கின்றன. ஹீமக்ளூட்டினின் நம் மூச்சுக்குழாய்ச் செல்களைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய உதவுகிறது. நியூராமினிடேஸ், செல்லுக்குள் பெருகிய புதிய வைரஸ்களை அறுத்து வெளியே விடுகிறது. எச்1என்1, எச்3என்2 என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அந்த எச்-சும் என்-னும் இந்த இரண்டு புரதங்களின் எண்கள்தாம். நம் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் முக்கியமாக எச் புரதத்தின் தலைப்பகுதியைத்தான் பற்றுகிறது. அந்தத் தலை உருமாறினால் பிடி வழுக்கிவிடும்.

ஏன் உருமாறுகிறது? எனக்கு இதை விளக்க ஓலைச்சுவடியைவிட நல்ல உவமை கிடைக்கவில்லை. நம் பழைய நூல்கள் எல்லாம் கையால் படியெடுக்கப்பட்டு வந்தவை. படியெடுப்பவர் ஓர் எழுத்தை விடுவார், ரகரத்தை றகரமாக்குவார். அடுத்தவர் அந்தப் பிழையோடு சேர்த்துப் படியெடுத்துத் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்ப்பார். சில தலைமுறைகளுக்குப் பிறகு ஒரே பாட்டுக்குப் பல பாடபேதங்கள். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகப் போய்ச் சுவடி சேர்த்து ஒப்புநோக்க வேண்டியிருந்தது இதனால்தான். இன்ஃப்ளூயன்சா வைரஸின் மரபுச்செய்தி ஆர்.என்.ஏ.வால் எழுதப்பட்டது. நம் செல்கள் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது பிழைதிருத்தும் ஏற்பாடு உண்டு. இந்த வைரஸிடம் அந்த ஏற்பாடு இல்லை. ஒரு நோயாளியின் தொண்டையிலேயே கோடிக்கணக்கான படிகள், பிழைதிருத்துபவர் ஒருவர்கூட இல்லாமல். பெரும்பாலான பிழைகள் வைரஸையே பயனற்றதாக்கிவிடும். எப்போதாவது ஒரு பிழை எச் புரதத்தின் தலையைச் சற்றே மாற்றும். ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் பெற்ற மக்களிடையே அந்தப் பிழை கொண்ட வைரஸ்தான் நழுவிப் பிழைக்கும். ஓராண்டு, ஈராண்டில் அதுவே ஊரெங்கும் இருக்கும். எச்3என்2 இதில் மிக வேகமானது.

இது மெல்ல நகரும் மாற்றம். இன்னொன்று திடீரென நிகழ்வது. இந்த வைரஸின் மரபுச்செய்தி ஒரே நீள இழையாக இல்லை. எட்டுத் தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. எட்டு ஓலைகள் கொண்ட சுவடி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே பன்றியின் செல்லுக்குள் மனித ஃப்ளூவும் பறவை ஃப்ளூவும் ஒரே நேரத்தில் நுழைந்தால், இரண்டு சுவடிகளின் கயிறும் அவிழ்ந்து ஓலைகள் கலந்துவிட்டதைப்போல் ஆகும். வெளியே வரும் புதிய கட்டில் எந்தச் சுவடியின் எந்த ஓலை இருக்கும் என்று சொல்ல முடியாது. 1957-இல் ஆசியாவில் தொடங்கி உலகைச் சுற்றிய எச்2என்2 வைரஸில் மூன்று ஓலைகள் பறவையிடமிருந்து வந்தவை. 1968-இல் ஹாங்காங்கில் அடையாளம் காணப்பட்ட எச்3என்2-இல் இரண்டு. 2009-இல் 'பன்றிக் காய்ச்சல்' என்று நாம் அழைத்த எச்1என்1-இல் பன்றி, பறவை, மனிதர் என மூவகை மூலங்களும் கலந்திருந்தன. அது போய்விட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. போகவில்லை. அதன் வழித்தோன்றல்கள்தாம் இன்று ஆண்டுதோறும் சுற்றும் சாதாரண எச்1என்1. 2015-இல் மட்டும் இந்தியாவில் 42,000-க்கும் அதிகமானோருக்கு அது உறுதிசெய்யப்பட்டு, ஏறத்தாழ 3,000 பேர் இறந்தார்கள். பரிசோதனைக்கு வந்து கணக்கில் ஏறியவர்கள் மட்டுமே இவர்கள்.

இந்தியாவுக்கு இந்த வைரஸோடு இருக்கும் பழைய கணக்கை நாம் மறந்துவிட்டோம் என்பது எனக்குத் தீராத வருத்தம். 1918 ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக நோய் நுழைந்தது. முதல் அலை ஓரளவு மிதமானது. செப்டம்பரில் வந்த இரண்டாவது அலை ரயில் பாதைகளின் வழியே உள்நாட்டுக்குப் பரவி, இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்ட திடகாத்திரமானவர்களை அள்ளிக்கொண்டு போனது. அந்த ஆண்டு பருவமழையும் பொய்த்திருந்தது; பசியில் இருந்த உடல்கள் தாங்கவில்லை. பம்பாய் மாகாணமும் மத்திய மாகாணங்களும் பஞ்சாபும் மிகக் கடுமையாக அடிவாங்கின. சென்னை மாகாணத்தில் இறப்பு விகிதம் அவற்றைவிடக் குறைவு என்றாலும், தப்பியது என்று சொல்ல முடியாது. இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் குறையாமல் இறந்திருப்பார்கள் என்பது பிற்கால ஆய்வாளர்கள் பலரின் மதிப்பீடு. வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு பேர் சாகவில்லை. இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-இல் 25.2 கோடியாக இருந்த மக்கள்தொகை 1921-இல் 25.1 கோடியாகக் குறைந்திருந்தது. இந்தியக் கணக்கெடுப்பு வரலாற்றில் மக்கள்தொகை குறைந்த பத்தாண்டு அது ஒன்றுதான். உலகப்போருக்கு ஊர் ஊராக நினைவுத்தூண் இருக்கிறது, இதற்கு இல்லை.

அன்று காரணம் என்னவென்றே மருத்துவர்களுக்குத் தெரியாது. 1892-இல் ஜெர்மானியரான ரிச்சர்ட் பைஃபர் ஒரு பாக்டீரியாவைக் கண்டு அதுதான் காரணம் என்று அறிவித்திருந்தார். அது தவறு என்று உறுதியாகத் தெரிய நாற்பது ஆண்டுகள் ஆயின. 1933-இல் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும் நோயாளியின் தொண்டை நீரை ஃபெரட் என்னும், பார்வைக்குக் கீரியைப் போன்ற சிறு விலங்கின் மூக்கில் விட்டு நோயை உண்டாக்கிக் காட்டினார்கள். பிறகு நோயுற்ற ஒரு ஃபெரட் ஸ்மித்தின் முகத்தில் தும்ம, அவருக்கே காய்ச்சல் வந்தது. அவரிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸ் அவருடைய பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கி இன்றும் ஆய்வகங்களில் இருக்கிறது. இன்றைக்கும் ஒரு புதிய வைரஸ் பழையதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்க ஃபெரட்டின் ரத்தத்தைத்தான் நம்புகிறார்கள்.

1947-இல் ஊசி தோற்றதும் விஞ்ஞானிகள் அதைக் கைவிடவில்லை, ஒற்றர் படை ஒன்றை அமைத்தார்கள் என்றே சொல்லவேண்டும். 1952-இல் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இன்ஃப்ளூயன்சா கண்காணிப்பு வலையமைப்பு தொடங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வகங்கள் அதில் உள்ளன. காய்ச்சலோடு வரும் நோயாளியின் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரி, மாநில ஆய்வகங்களிலிருந்து புனேவில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் போன்ற மையங்களுக்குப் போகிறது. அங்கிருந்து முக்கியமானவை அட்லாண்டா, லண்டன், மெல்போர்ன், டோக்கியோ, பெய்ஜிங் போன்ற நகரங்களின் தலைமை ஆய்வகங்களுக்குப் போகின்றன. ஆண்டுக்கு இருமுறை நிபுணர்கள் கூடுகிறார்கள். பிப்ரவரியில் வட அரைக்கோளத்தின் வரும் குளிர்காலத்துக்கு, செப்டம்பரில் தென் அரைக்கோளத்தின் வரும் குளிர்காலத்துக்கு. கையில் இருக்கும் ஆயிரக்கணக்கான பாடபேதங்களை ஒப்புநோக்கி, எது முன்னேறி வருகிறது என்று கணித்து, ஊசியில் எவற்றைச் சேர்க்கவேண்டும் என்று அறிவிக்கிறார்கள்.

தேர்வான வைரஸ் முதலில் எந்த ஊரில் பிடிபட்டதோ அந்த ஊரின் பெயரே அதற்கு. டார்வின், விக்டோரியா, ஆஸ்திரியா, தாய்லாந்து என்ற பெயர்களைத் தாங்கிய வைரஸ்கள் அண்மை ஆண்டுகளின் ஊசிகளில் இருந்திருக்கின்றன. மருந்துப் பெட்டியோடு வரும் தாளைப் பிரித்துப் பார்த்தால், யாரோ ஒரு முகம் தெரியாத நோயாளியின் ஊர் அதில் எழுதியிருக்கும். அந்த நோயாளி தொண்டையைக் காட்டியதால்தான் என் அம்மாவுக்கு ஊசி கிடைக்கிறது என்று நினைக்கும்போது ஒரு நன்றியுணர்வு வருகிறது.

அறிவிப்புக்கும் ஊசிக்கும் இடையே ஆறு மாதம் ஆகிறது. காரணம் கோழிமுட்டை. இன்றும் உலகின் பெரும்பாலான ஃப்ளூ தடுப்பூசி முட்டையில்தான் விளைகிறது. கரு வளர்ந்துகொண்டிருக்கும், ஏறத்தாழ பத்து நாளான முட்டைக்குள் வைரஸைச் செலுத்தி, இரண்டு மூன்று நாள் கதகதப்பில் வைத்து, உள்ளே இருக்கும் நீரை எடுத்து, வைரஸைக் கொன்று, உடைத்து, சுத்திகரிக்கிறார்கள். அரை மில்லிலிட்டர் ஊசியில் ஒவ்வொரு வைரஸின் எச் புரதமும் 15 மைக்ரோகிராம். இதற்காகக் கோடிக்கணக்கான முட்டைகளை முன்கூட்டியே ஏற்பாடு செய்யவேண்டும். இந்த ஆறு மாத இடைவெளியில் வைரஸ் மேலும் நகர்ந்துவிடலாம். முட்டையில் வளரும்போதே சற்று மாறிவிடவும் செய்யலாம். செல் வளர்ப்பிலும் மரபணுத் தொழில்நுட்பத்திலும் செய்யும் ஊசிகள் வந்துவிட்டன. ஆனாலும் முட்டைதான் இன்னும் முதுகெலும்பு.

ஆகவே இது ஒரு கணிப்பு. நன்றாகப் பொருந்தும் ஆண்டில் மருத்துவரிடம் போகும் அளவுக்கான ஃப்ளூ நோயை ஊசி 40 முதல் 60 விழுக்காடு வரை குறைக்கிறது. பொருந்தாத ஆண்டில் இன்னும் கீழே. நான் இந்த எண்ணை மறைக்க விரும்பவில்லை. தட்டம்மை ஊசியின் 97 விழுக்காட்டோடு ஒப்பிட்டால் இது சிறியதுதான். ஊசி போட்ட ஒருவருக்கும் ஃப்ளூ வரக்கூடும்; வந்தே தீரும் என்பதல்ல. இதை முன்பே சொல்லாமல் போடச் சொல்லும் மருத்துவர், அடுத்த ஆண்டு அந்தக் குடும்பத்தின் நம்பிக்கையை இழக்கிறார். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அப்படித்தான் ஒரே ஆண்டோடு நிறுத்திவிட்டார். "இனி காய்ச்சலே வராது" என்று யாரோ அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

ஊசியின் உண்மையான பயன் காய்ச்சலைத் தடுப்பதில் மட்டும் இல்லை. ஃப்ளூ ஆளைக் கொல்லும் வழிகளைப் பார்த்தால் இது புரியும். 1918-இல் இறந்தவர்களில் பெரும்பாலோர் வைரஸ் புண்ணாக்கிவிட்டுப்போன நுரையீரலுக்குள் பாக்டீரியா புகுந்து, நிமோனியாவால் இறந்தவர்கள். இன்று அதைவிடச் சத்தமில்லாத ஒரு வழி தெரிந்திருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்து 2018-இல் வெளியான ஆய்வு, ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு என்று காட்டியது. உடலெங்கும் பற்றும் அழற்சி ரத்தக்குழாயின் உள்ளே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டை உடைத்து, ரத்தத்தை உறையவைக்கிறது. மாரடைப்பில் இறந்த ஒரு தாத்தாவின் இறப்புச் சான்றிதழில் ஃப்ளூ என்ற சொல்லே இருக்காது. "நாலு நாளாகக் காய்ச்சல், எழுந்து பாத்ரூம் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார்" என்று வீட்டார் சொல்வதை நாம் எத்தனை துக்க வீடுகளில் கேட்டிருப்போம்!

இதன் மறுபக்கத்தை 2021-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு காட்டியது. மாரடைப்பு வந்து மருத்துவமனையில் இருந்தவர்கள் முதலான ஏறத்தாழ 2,500 இதய நோயாளிகளில் பாதிப் பேருக்கு ஃப்ளூ ஊசியும், மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டார்கள். வங்கதேசம் உட்பட எட்டு நாடுகளில் நடந்த ஆய்வு அது. ஓராண்டு முடிவில் உப்புநீர் பெற்றவர்களில் 4.9 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். ஃப்ளூ ஊசி பெற்றவர்களில் 2.9 விழுக்காட்டினர். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரையை ஒரு வேளை மறந்தால் பதறும் நம் வீடுகளில், இந்த ஊசியைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுதோறும் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை ஃப்ளூவோடு தொடர்புடைய சுவாச நோயால் இறக்கிறார்கள். இதில் இதயத்தால் போனவர்கள் சேர்த்தியில்லை.

யாருக்கு இது முக்கியம் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். அறுபத்தைந்து வயது தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஆஸ்துமா, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றில் நெடுநாள் நோய் உள்ளவர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், இவர்கள் எல்லாரையும் தொட்டுப் பார்க்கும் மருத்துவமனைப் பணியாளர்கள். ஆறு மாதம் நிறைந்த குழந்தையிலிருந்து போடலாம். ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதல்முறையாகப் போடும்போது மட்டும் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. பிறகு ஆண்டுக்கு ஒன்று.

ஊசி போட்டதாலேயே காய்ச்சல் வந்தது என்பவர்கள் பொய் சொல்வதில்லை, காரணத்தைத்தான் தவறாகப் பிடிக்கிறார்கள். கையில் போடும் ஊசியில் இருப்பது கொல்லப்பட்டு உடைக்கப்பட்ட வைரஸின் துண்டுகள். அவை பெருக முடியாது. புஜம் வலிக்கும், ஒரு நாள், இரண்டு நாள் உடம்பு லேசாகச் சுடும்; அது உடல் பாடம் படிக்கும் சூடு. எதிர்ப்பாற்றல் முழுமையாக வர இரண்டு வாரமாகும். அந்த இரண்டு வாரத்துக்குள் உண்மையான ஃப்ளூவோ வேறு சளியோ பிடித்தால் பழி ஊசியின்மீது விழுகிறது. உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கிக் கைகால்களைச் செயலிழக்கச் செய்யும் கில்லன்-பாரே நோய் இதனால் வருமா என்று கேட்பவர்களுக்கு: பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று இரண்டு பேருக்குக் கூடுதலாக வரக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஃப்ளூ நோயாலேயே அது வரும் வாய்ப்பு அதைவிட அதிகம். முன்பு அந்த நோய் வந்தவர்கள் மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு முடிவெடுக்கவேண்டும்.

ஆண்டுதோறும் போடுவதற்கு வைரஸ் மாறுவது முதல் காரணம். ஊசி தந்த எதிர்ப்பாற்றல் சில மாதங்களிலேயே தேயத் தொடங்கிவிடுவது இன்னொன்று. முதியவர்களுக்கு அது விரைவாகவே தேயும். அதனால்தான் எந்த மாதத்தில் போடுகிறோம் என்பதும் முக்கியமாகிறது. இங்கே தமிழ்நாட்டு வாசகர்கள் சற்று நின்று கவனிக்கவேண்டும்.

இந்தியா வட அரைக்கோளத்தில் இருக்கிறது என்பது புவியியல் பாடம். ஃப்ளூவுக்கு அந்தப் பாடம் தெரியாது. நம் நாட்டில் அது குளிரைவிட மழையைப் பின்தொடர்கிறது. டெல்லி, கொல்கத்தா, புனே போன்ற ஊர்களில் தென்மேற்குப் பருவமழையின் ஜூலை முதல் செப்டம்பர் வரை அது உச்சம்பெறுகிறது. ஸ்ரீநகரில் மட்டும் ஐரோப்பாவைப்போலக் குளிர்காலத்தில். சென்னையிலும் வேலூரிலும் பல ஆண்டுத் தரவுகளைப் பார்த்த ஆய்வாளர்கள், வடகிழக்குப் பருவமழை இறங்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் உச்சம் இருப்பதைக் கண்டார்கள். மழைக்குக் கதவு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் அடைந்திருக்கும் காலம். தீபாவளிக் கூட்டத்தில் பஸ்ஸிலும் துணிக்கடையிலும் நெருக்கியடித்து நின்றுவிட்டு வீட்டுக்கு வரும் காலமும் அதுதான். ஆகவே டெல்லி, புனே போன்ற ஊர்களில் ஏப்ரல், மே மாதங்களில் போட்டுக்கொள்வது பொருத்தம் என்றால், சென்னைப் பகுதியினர் செப்டம்பர் வாக்கில் போட்டுக்கொண்டால் உச்சத்தின்போது எதிர்ப்பாற்றல் முழுவீச்சில் இருக்கும். இரண்டு அரைக்கோளங்களுக்கான ஊசிகளும் இந்தியச் சந்தைக்கு வெவ்வேறு மாதங்களில் வருகின்றன. எந்தப் பருவத்துக்கானது என்று பெட்டியிலேயே ஆண்டோடு அச்சிட்டிருக்கும். போடுவதற்கு முன் அதைக் கேட்டுப் பார்ப்பது தவறில்லை. ஒருமுறை எங்கள் பகுதி மருந்தகம் ஒன்றில் முந்தைய பருவத்துக்கான ஊசியை எடுத்து நீட்டினார்கள். கேட்ட பிறகுதான் புதியதைத் தேடினார்கள்.

மூன்று வைரஸ் ஊசியா, நான்கு வைரஸ் ஊசியா என்ற குழப்பமும் சிலருக்கு உண்டு. பி வகையில் விக்டோரியா, யமகட்டா என்று இரண்டு கிளைகள் இருந்தன. அதனால் நான்கு வைரஸ் ஊசி வந்தது. கோவிட் காலத்தில் மக்கள் வீட்டுக்குள் இருந்தபோது யமகட்டா கிளை பட்டுப்போனதுபோல் தெரிகிறது. 2020 மார்ச்சுக்குப் பிறகு அது இயற்கையாகப் பரவியதாக உறுதியான சான்று எதுவும் இல்லை. ஆகவே மீண்டும் மூன்றே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. மூன்று வைரஸ் ஊசி மலிவான சரக்கு என்று நினைத்து ஒதுக்கவேண்டியதில்லை.

ஊசியையும் மீறி ஃப்ளூ வந்தால் என்ன செய்வது? பெரும்பாலோருக்கு ஓய்வு, கஞ்சி, வெந்நீர், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், இவ்வளவே போதும். நிலவேம்புக் குடிநீரோ கபசுரக் குடிநீரோ குடிக்கும் வழக்கமுள்ளவர்கள் குடிக்கட்டும், அதை ஊசிக்கு மாற்று என்று எண்ணவேண்டாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்கு அது வழிவிடலாம். மருந்துக்கடையில் 'மூணு நாள் கோர்ஸ்' என்று கேட்டு வாங்கும் அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. 2023 மார்ச்சில் எச்3என்2 பரவியபோது இந்திய மருத்துவச் சங்கமே, பாக்டீரியா தொற்று என்று உறுதியாகாமல் அவற்றைக் கொடுக்காதீர்கள் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஒசெல்டாமிவிர் என்ற மருந்து உண்டு. முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். எனவே சர்க்கரையோ இதய நோயோ உள்ள ஒருவருக்குத் திடீர்க் காய்ச்சல் வந்தால் மூன்று நாள் பார்க்கலாம் என்று காத்திருப்பது தவறு. மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், பேச்சு குழறினால், காய்ச்சல் விட்டு நன்றாக ஆனவருக்கு மறுபடியும் காய்ச்சல் ஏறி இருமல் கூடினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

இவ்வளவும் எழுதிய பிறகு என்னை உறுத்துவது பணம். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இல்லை. தனியார் மருத்துவமனையில் போட்டுக்கொள்ள ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் ஆண்டுதோறும் அது பெரிய தொகை. என் அம்மாவுக்குப் போட என்னால் முடிகிறது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கும் சர்க்கரை நோய் இருக்கிறது, அவருடைய மகள் இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

எல்லாருக்கும் ஒரே நாளில் இலவசமாகக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கர்ப்பிணிகளிடமிருந்து தொடங்கலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. ஆனால் தாய்க்குப் போட்டால் எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியே குழந்தைக்கும் போகிறது. வங்கதேசத்தில் செய்து 2008-இல் வெளியான ஆய்வில், ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதத்தில் ஃப்ளூ 63 விழுக்காடு குறைந்தது. ஓர் ஊசியில் இரண்டு உயிர் காக்கப்படுகிறது. இதற்கென்று புதிய கட்டடமோ புதிய அலுவலகமோ வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கர்ப்பிணிப் பெண் ஒவ்வொருவரும் பிக்மி என்னும் கர்ப்பகாலப் பதிவு எண் வாங்கிப் பதிவுசெய்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரணஜன்னி ஊசி போட்டுக்கொண்டு, இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிறார். கிராம சுகாதாரச் செவிலியருக்கு அவர் பெயரும் வீடும் பிரசவத் தேதியும் தெரியும். இரண்டு டிகிரி முதல் எட்டு டிகிரி வரை குளிர்காக்கும் பெட்டி அங்கேயே இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் இன்னும் ஒரு மருந்து சேரவேண்டும், செப்டம்பர் மாதத்துக்குள்.